சான்று பெற்ற தொண்டை

யங்ஸ்டவுன் ராக் வானொலி மரபுப் பேரவைக்குள் நுழைகிறவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, அவர்களுடைய ஏக்கம் நேரடியானதா, வாரிசு வழியில் வந்ததா என்பதுதான். நேரடி என்றால் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள். அப்பா அம்மா சொல்லக் கேட்டு ஏங்குகிறவர்களுக்கு மஞ்சள். இரண்டும் இல்லாமல் சும்மா வந்துவிட்டவர்கள் சனிக்கிழமை நடக்கும் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால், ஏங்குவதற்குத் தற்காலிக அனுமதி கிடைக்கும்.

லொரேன் ஹுடாக்குக்கு இதெல்லாம் தெரியாது. அவள் பல் மருத்துவமனை வரவேற்பில் முப்பது வருடம் உட்கார்ந்து, "டாக்டர் இதோ கூப்பிடுவார்" என்று மெல்லிய குரலில் சொல்லி ஓய்வு பெற்றவள். அக்கா கோனிக்காக ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள்.

"நேரடியா, வாரிசா?" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்.

"எங்க வீட்டு சமையலறையில ரேடியோ இருந்ததும்மா. நான் வந்தது..."

"அப்ப நேரடி. எவ்வளவு ஏங்கறீங்க? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"நான் ஏங்க வரல. ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன்."

"ஆறுன்னு போட்டுக்கறேன். முதல் தடவை வர்றவங்க எல்லாரும் ஆறுதான்."

சிவப்புப் பட்டை மணிக்கட்டில் ஏறியது.

விஷயம் இதுதான். எழுபதுகளின் கடைசியில் அந்த அமெரிக்க ஊரின் எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்டன. பரம்பரை பரம்பரையாக உலையில் வெந்த குடும்பங்கள் வேலையில்லாமல் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த நாளில், ஊரில் மிச்சமிருந்த ஒரே உலை ஒரு வானொலி நிலையம். அதன் பெயரே 'உலை'. இரவும் பகலும் ராக் பாட்டு. ஒரு நாள் அந்த நிலையத்து வண்டி ஒரு மளிகைக் கடையின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தது. அறிவிப்பாளர் ராக்கெட் ரே ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, "இந்த ஊர்ல இனிமே என்னதான் இருக்கு, சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்டார். ஒரு பெண் கத்தினாள்: "உலை இன்னும் எரியுது!"

அவ்வளவுதான். ஆனால் அந்தக் கத்தலில் என்னவோ இருந்தது. நிலையத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கி, ஆட்களை அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கணினியை உட்கார வைக்கும்வரை, வருடக்கணக்காக மணிக்கு ஒரு முறை அதைத்தான் ஒலிபரப்பினார்கள். ஊர் இருந்த பள்ளத்தாக்கு முழுக்க மணி பார்த்ததே அந்தக் கத்தலை வைத்துத்தான். கத்தியவள் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அவள்தான் கோனி. அப்போது பள்ளிக்கூடம் முடிக்கும் வயது. பிறகு அதே பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே ஒரு அதட்டலில் முந்நூறு பிள்ளைகளை உட்கார வைக்கிறவளாக வாழ்ந்தாள். இரண்டு வருடம் முன்பு தொண்டையில் புற்று வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு சின்ன மின்கருவியை வைத்து அழுத்தினால்தான் பேச்சு வரும். சவர இயந்திரம் வாய் முளைத்துப் பேசுவது போல இருக்கும்.

அந்தக் குரலுக்கு உரியவரைத் தேடுகிறோம், பெயரைப் பேரவைச் சுவரில் பொறிப்போம் என்று பேரவை பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தது. லொரேன் அதைக் காட்டியபோது கோனி கருவியைக் கழுத்தில் வைத்து, "விடுடி. இப்ப போய் நான்தான்னு சொன்னா, எங்க கத்துன்னு கேப்பான்," என்றாள்.

"உனக்குப் பதிலா நான் போய் சொல்றேன். உன் பேரு அந்தச் சுவத்துல இருக்க வேண்டாமா?"

"போ. டோஸ்டர் ஏதாவது குடுத்தா மறக்காம வாங்கிட்டு வா. நம்முது ஒரு பக்கம்தான் சுடுது."

அப்படித்தான் லொரேன் வந்து சேர்ந்தாள்.

பேரவையின் இயக்குநர் டாக்டர் ஸ்டூவர்ட் பிளேக்மோர் தொலைவில் இருந்த கனெக்டிகட் மாநிலத்திலிருந்து வந்தவர். உலை நிலையத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. அதனால்தான் தன்னால் பாரபட்சமில்லாமல் ஏங்க முடிகிறது என்று அவரே சொல்வார்.

"அது என் அக்கா குரல் சார்," என்றாள் லொரேன்.

பிளேக்மோர் கனிவாகச் சிரித்தார். "எல்லா அசல் குரலும் முதல்ல இப்படித்தாம்மா மறுக்கும். போன வாரம் ஒருத்தங்க அது தன்னோட சித்தின்னாங்க. எங்க கையேட்டுல 'மரபு நாணம்'னு இதுக்குத் தனி அத்தியாயமே இருக்கு."

"நாணம் இல்ல சார், நிஜம். அவளால வர முடியாது. அதாவது, வர முடியும், பேச முடியாது. தொண்டையை எடுத்துட்டாங்க."

"குரலுக்கு உரியவங்க நேர்ல வந்து கத்திக் காட்டணுங்கறது விதி. தொண்டை இல்லாதவங்களை நாங்க மனசார மதிக்கறோம். ஆனா குரல் பிரிவுல சேக்க முடியாது."

மூலையில் ராக்கெட் ரே உட்கார்ந்திருந்தார். நரைத்த குடுமியும் வெளிறிப்போன தோல் சட்டையுமாக இருந்தவரைப் பேரவை மறுபடி வேலைக்கு எடுத்திருந்தது. அவர் கேட்டார்: "அவங்க எப்படிக் கத்தினாங்கன்னு சும்மா செஞ்சு காட்டுங்களேன்."

லொரேன் வாழ்க்கையில் கத்தியதே இல்லை. கத்துகிற வேலையை எல்லாம் கோனி பார்த்துக்கொண்டாள். இருந்தாலும், எப்படி என்று காட்டுவதற்காக மட்டும், கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"உலை இன்னும் எரியுது!"

அவளுக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது அவளுக்கே தெரியாது. ஒரே வயிற்றில் பிறந்த தொண்டை, அத்தனை வருடம் செலவாகாமல் அப்படியே இருந்திருக்கிறது. மேசைமேல் இருந்த கண்ணாடி டம்ளர் கிணுகிணுத்தது. குரலை அளக்கும் இயந்திரம் முனகி, தொண்ணூற்று நான்கு சதவீதம் என்றது.

"அந்தப் பழைய ஒலிநாடாவையே இந்த மெஷின்ல போட்டா எவ்வளவு வரும் தெரியுமா?" பிளேக்மோரின் குரல் தழுதழுத்தது. "தொண்ணூத்தி ஒண்ணு. நாடா தேஞ்சுபோச்சு. மேடம், நீங்க அசலைவிட அசல்!"

அந்த இடத்தில் லொரேன் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவும் செய்தாள். அதற்குள் அக்கம்பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து கைதட்டினார்கள். முப்பது வருட உத்தியோகத்தில் அவளைப் பார்த்து யாரும் கைதட்டியதில்லை. பல் வலியோடு வருகிறவன் எதற்குக் கைதட்டப் போகிறான்? அந்தச் சத்தம் கொஞ்சம் ஓயட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஓய்ந்தபோது கழுத்தில் ஒரு நாடா தொங்கியது. அதில் 'சான்று பெற்ற தொண்டை' என்று அச்சடித்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கோனி முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். லொரேன் கார் கதவைச் சாத்துவதற்கு முன்பே அந்த நாடாவைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?" கோனி ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கருவியை எடுத்துக் கேட்டாள்.

"பரிசீலிக்கறாங்களாம்."

"பரிசீலிக்கட்டும். ஆலையையும் இப்படித்தான் பரிசீலிச்சானுங்க."

கோனி சிரித்தாள். அவள் சிரிப்புக்கு இப்போது சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும். லொரேன் சாப்பிட உட்கார்ந்தாள். அவளுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு. ஒரு சுருளை விழுங்குவதற்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் ஞாபகப் பயிற்சி தொடங்கியது. சான்று பெற்றவர்கள் கண்டபடி ஞாபகம் வைத்திருக்கக் கூடாது என்பது பேரவையின் கொள்கை. இதற்கென்று ஒரு ஞாபக அதிகாரி இருந்தாள். கையில் பென்சிலோடு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு வானிலை எப்படி இருந்தது?"

"நல்ல வெயில்."

"பனின்னு வெச்சுக்கலாம். பனி பெய்யற ஞாபகத்துக்குத்தான் ஜனங்க நின்னு கேக்கறாங்க, நாங்க ஆய்வு பண்ணிருக்கோம். மளிகைக் கடை வாசலா? அவங்க நன்கொடை தரல. ஆத்துப் பாலத்துக்குப் பக்கம்னு போட்டுக்கறேன். உங்க கூட யார் இருந்தாங்க?"

"எங்க அக்கா."

"ரெண்டு பேர்னா கேக்கறவங்க குழம்புவாங்க. ஒருத்தர் போதும். அக்காவை எடுத்துடலாமா?"

பென்சில் தாள்மேல் காத்துக்கொண்டு நின்றது. லொரேன் அந்தப் பென்சில் முனையையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். ஆமாம் என்கிற மாதிரியும் இருந்தது, இல்லை என்கிற மாதிரியும் இருந்தது. அதிகாரிக்கு அது போதுமானதாக இருந்தது.

பேரவை சொந்தமாக ஒரு ஒலிபரப்பும் நடத்தியது. பாட்டுகளைப் போடுவதற்கு அவர்களுக்கு உரிமை கிடையாது. பாட்டுகளுக்கு நடுவே அந்தக் காலத்தில் பேசிய பேச்சுக்கு மட்டும்தான் உரிமை கிடைத்திருந்தது. அதனால் நாள் முழுக்க, "அடுத்து வருது பாருங்க ஒரு பாட்டு, ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்திக்கோங்க!" என்று ஆரவாரமாகச் சொல்வார்கள். பிறகு பாட்டின் நீளத்துக்கு மௌனம். பிறகு, "எப்படி இருந்தது!" என்பார்கள். நடுநடுவே எழுபத்தெட்டாம் வருடத்து வானிலை அறிக்கையும் வரும். ஜூலை மாத வெயிலில் அதைக் கேட்டுவிட்டு, பனி அள்ளும் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்ற கிழவர் ஒருவருக்குப் பேரவை 'இந்த மாதத்தின் சிறந்த ஏங்குநர்' விருது கொடுத்தது.

ராக்கெட் ரேயை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்திருந்தார்கள். லொரேன் ஒரு நாள் அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பத்து மணிலேருந்து நாலு மணி வரைக்கும் நான் அசலா இருக்கணும்," என்றார் ரே. "அதுக்கு அப்பறம் எப்படி வேணா இருந்துக்கலாமாம். வீட்டுக்குப் போனா எப்படி இருக்கறதுன்னே தெரியல." காபியை ஊதினார். "அந்தப் பொண்ணுக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி. கத்தினப்ப எச்சில் என் மூஞ்சில தெறிச்சது. உங்க பல்லு நேரா இருக்கே."

லொரேனுக்குக் காது மடல் சுட்டது. "பல் டாக்டர்கிட்ட வேலை பாத்தேன்," என்றாள்.

"இருக்கும், இருக்கும்." ரே கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "என்னை ஒண்ணும் கேக்காதீங்க. பணி நேரத்துல எனக்கு வர்ற ஞாபகம் எல்லாம் பேரவையோட சொத்து. அனுமதி இல்லாம நான் ஞாபகப்படுத்திக்கக் கூடாது." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா?" என்றார்.

"இருக்கா."

"அப்ப உங்க பாடு கஷ்டந்தான்."

அன்றே லொரேன் நேராக பிளேக்மோர் அறைக்குப் போனாள். தப்பு நடந்துவிட்டது, சான்றை ரத்து செய்துவிடுங்கள் என்றாள். பிளேக்மோர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"பாருங்க மேடம். ஒரு குரல் மேல சந்தேகம் எழுப்பற உரிமை, அந்தக் குரலுக்குச் சான்று பெற்றவங்களுக்கு மட்டும்தான் உண்டு. நீங்க அந்தக் குரல் இல்லன்னா, சந்தேகம் எழுப்ப நீங்க யாரு? நீங்கதான் அந்தக் குரல்னா, சந்தேகமே இல்லையே!"

"ஆனா நான் பொய்..."

"உண்மையைத் தேடறதுக்குப் போலீஸ் இருக்கு. நாங்க மரபைக் காப்பாத்தறவங்க. ரெண்டையும் குழப்பிக்காதீங்க."

லொரேன் வெளியே வந்தாள். படியிறங்கும்போது நெஞ்சில் ஒரு ஆசுவாசம் தட்டியது. சொல்லிப் பார்த்தாயிற்று, அவர்கள் கேட்கவில்லை, இனி என்ன செய்வது? அந்த ஆசுவாசத்தைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கேட்காத இடத்தில் தேடிப் போய்ச் சொன்னவள், கேட்கக் காத்திருக்கும் இடத்தில் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமையலறை மேசைக்கு எதிரே தினமும் உட்கார்ந்திருக்கும் கோனியிடம் சொல்வதற்கு எந்தக் கையேடும் தடை போட்டிருக்கவில்லை.

சொல்லும் வேலையை நெடுஞ்சாலை விளம்பரப் பலகை செய்துவிட்டது. கோனி மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் வழியில், மூன்று மாடி உயரத்துக்கு லொரேனின் முகம், ஆவென்று திறந்த வாய், கீழே 'அசலைவிட அசல்'.

கோனி வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள். பொறுமையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கருவியைக் கழுத்தில் வைத்தாள்.

"போர்டுல உன் வாய் ரொம்பப் பெருசா இருக்கு."

லொரேனின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் நழுவியது. "கோனி, நான் சொல்லணும்னுதான்..."

"பல்லெல்லாம் பளிச்சுனு தெரியுது. டோஸ்டர் குடுத்தாங்களா?"

"கோனி, சத்தியமா நான் முதல்ல உன் பேரைத்தான் சொன்னேன். அவங்க கேக்கல. நீ எப்படிக் கத்தினேன்னு காட்டச் சொன்னாங்க, காட்டினேன், அப்பறம் எல்லாரும்..."

"கை தட்டினாங்க."

"ஆமா."

"நல்லா இருந்ததா?"

லொரேனுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை எப்படிச் சொல்வது? கோனி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கருவியை அணைத்து மேசைமேல் வைத்தாள். மற்ற வீடுகளில் சண்டை என்றால் கத்துவார்கள், கதவை அறைவார்கள். அந்த வீட்டில் அந்தச் சின்னச் சொடுக்குச் சத்தத்தோடு சண்டை முடிந்துவிட்டது. எட்டு நாள் அந்தக் கருவி மேசைமேலேயே கிடந்தது.

ஒன்பதாம் நாள், பேரவையின் ஆண்டு விழாவுக்கு லொரேன் கோனியையும் கூட்டிப்போனாள். "மேடையிலயே எல்லாத்தையும் சொல்லிடறேன், நீ மட்டும் வா," என்று கெஞ்சினாள். கோனி கோட்டை மாட்டிக்கொண்டு, மேசைமேல் கிடந்த கருவியை அதன் பைக்குள் போட்டாள். வாசல் மேசைப் பெண் கோனியை ஏற இறங்கப் பார்த்து, சான்று பெற்றவரின் உறவுக்காரர் என்பதால் மஞ்சள் பட்டை கட்டினாள். வாரிசு வழி ஏக்கம். கோனி அந்தப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோள் ஒரு முறை குலுங்கியது. லொரேனுக்கு அது சிரிப்பா வேறு எதுவுமா என்று தெரியவில்லை.

அந்த ஊர்க் கல்யாணங்களில் போடுவது போல ஒரு சுவர் நீளத்துக்கு மேசை போட்டு, விதவிதமான பிஸ்கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். விழா தொடங்குமுன் எல்லோரும் எழுந்து தலை குனிந்து ஒரு நிமிட இரைச்சல் அனுசரித்தார்கள். அலைவரிசை கிடைக்காதபோது வானொலியில் வருமே, அந்த இரைச்சல். சிலர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு தலைமை நன்கொடையாளர் டிரெவர் ஹால்ஸ்டெட் பேச எழுந்தார். உலை நிலையத்தை வாங்கி மூடிய அதே நிறுவனத்தின் துணைத் தலைவர் அவர்.

"நண்பர்களே, எங்களைப் பத்தி வெளியில ஒரு குறை சொல்றாங்க. இந்த நிலையத்தை நாங்க மூடிட்டோமாம். ஆமா, மூடினோம்! மூடாம இருந்திருந்தா இன்னிக்கு இதை நினைச்சு யாராவது ஏங்கியிருப்பீங்களா? எப்பவும் போல காதுல விழுந்துட்டுப் போயிருக்கும். முப்பத்தி ரெண்டு பேரை வேலையை விட்டு அனுப்பினோம். அந்த முப்பத்தி ரெண்டு பேரும் இன்னிக்குப் பொற்காலத்து ஆட்கள்! வேலையில வெச்சிருந்தா வெறும் ஊழியர்கள். ஒரு பொருளை இருக்கறப்ப விக்கறது சுலபம். இல்லாதப்ப விக்கறதுக்குத்தான் தொலைநோக்கு வேணும். இப்ப இன்னும் நாப்பது ஊர்ல நிலையங்களை மூடிட்டிருக்கோம். அந்த ஊர்களுக்கும் இப்படி ஒரு பேரவை கிடைக்கும்னு உறுதி சொல்றேன்!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ரே மட்டும் பிஸ்கட் மேசைப் பக்கம் நின்று ஒரு பிஸ்கட்டைச் சுக்குநூறாக நொறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து லொரேனை அழைத்தார்கள். ஒலிவாங்கி முன்னால் போய் நின்றாள். கடைசி வரிசையில் கோனியின் மஞ்சள் பட்டை தெரிந்தது.

"அது என் குரல் இல்ல," என்றாள். "அது என் அக்கா. அதோ உக்காந்திருக்கா. அவ தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. அவ பேரைச் சொல்லத்தான் நான் வந்தேன். நீங்க கை தட்டினீங்க. எனக்கு அது பிடிச்சுப்போச்சு. அவளை அந்தக் கதையிலேருந்து எடுத்துடலாமான்னு கேட்டாங்க. தலையாட்டினேன். நான் திருடி."

மண்டபத்தில் எங்கிருந்தோ ஒரு விசும்பல். பிறகு இடி மாதிரி கைதட்டல். பிளேக்மோர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு ஓடிவந்தார்.

"மரபு நாணத்தோட உச்சத்தை இன்னிக்குப் பாத்துட்டோம்! புகழ் மொத்தத்தையும் பேச்சிழந்த அக்கா காலடியில வெக்கறாங்க பாருங்க, இது எந்தப் பயிற்சியிலயும் வராது!"

கைதட்டல் இன்னும் பலத்தது. லொரேன், "இல்ல, இல்ல," என்றாள். ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஒரு சுற்றுக் கைதட்டல் கூடியது.

அப்போது கோனி எழுந்தாள். கோட்டுப் பையிலிருந்து கருவியை எடுத்தபடி மேடைக்கு வந்து, தங்கையைத் தோளால் லேசாகத் தள்ளிவிட்டு ஒலிவாங்கிக்கு எதிரே நின்றாள்.

"உலை. இன்னும். எரியுது."

கருவியின் ரீங்காரம் ஒலிபெருக்கியில் ஏறிக் கீச்சென்று அலறியது. முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த குரல் அளக்கும் இயந்திரம் ஏழு சதவீதம் என்று காட்டியது. பிளேக்மோர் ஒலிவாங்கியைப் பணிவாக வாங்கி, "சிறிய தொழில்நுட்பக் கோளாறுக்கு வருந்துகிறோம்," என்றார்.

"கோளாறு இல்லய்யா!" ரே பிஸ்கட் தூளோடு கையை ஓங்கினார். "அந்தப் பொண்ணுதான் இவ! அந்தப் பல்லைப் பாருங்க! நான்தானே மைக்கைப் பிடிச்சிருந்தேன்!"

பிளேக்மோர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரேயோட பணி நேரம் நாலு மணிக்கே முடிஞ்சிடுச்சு. இது அவரோட தனிப்பட்ட ஞாபகம். பேரவை இதுக்குப் பொறுப்பாகாது."

இசைக்குழுவை வாசிக்கச் சொன்னார்கள். அவர்களுக்கும் பாட்டு உரிமை இல்லாததால் வாத்தியங்களைச் சுருதி சேர்த்தார்கள். அதற்கும் கைதட்டினார்கள்.

அதோடு முடியவில்லை. லொரேனின் தொண்ணூற்று நான்கு சதவீதக் கத்தலைப் பேரவை வாடகைக்கு விட ஆரம்பித்தது. பெட்ரோல் நிலையங்கள், வங்கிகள், சூப்பர் மார்க்கெட்டுகள் என்று எங்கும் மணிக்கு ஒரு தடவை அவள் குரல் வந்தது. நிறுத்தச் சொல்லி எழுதினாள். நன்றி சொல்லி ஒரு நாட்காட்டி அனுப்பினார்கள். அதனால் லொரேன் வேறு ஒன்று செய்ய ஆரம்பித்தாள். எங்கே அந்தச் சத்தம் கேட்டாலும் பக்கத்தில் இருக்கிறவரை நிறுத்தி உண்மையைச் சொன்னாள். பெட்ரோல் போடுகிறவரிடம் சொன்னாள். வங்கி வரிசையில் சொன்னாள். தபால் கொண்டுவருகிறவரை வாசலில் மடக்கிச் சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கும். கேட்கிறவர்கள் அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கோனி பேச ஆரம்பித்திருந்தாள், தேவைக்கு மட்டும். உப்பு எங்கே, குப்பை வண்டி வந்ததா, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டும் இடத்தில் நின்றிருந்தார்கள். கூரையிலிருந்து, "உலை இன்னும் எரியுது!" என்று கேட்டது. கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, நீங்கதானே அவங்க! ஒரு தடவை கத்துங்களேன்," என்றாள்.

"அது நான் இல்லம்மா," என்று லொரேன் ஆரம்பித்தாள். "அது இவ. என் அக்கா. நான் இவளுக்குப் பண்ணின துரோகம் இருக்கே..."

கோனி கையிலிருந்த பீன்ஸ் டப்பாவை மேசைமேல் நங்கென்று வைத்தாள். கருவி கழுத்துக்குப் போனது.

"லோரி. நீ மன்னிப்புக் கேக்கறப்பவும் நீதான்டி பேசிட்டு இருக்க."

லொரேன் சொல்ல வந்த வாக்கியம் பாதி வாயில் இருந்தது. அதை விழுங்கினாள்.

கோனி கல்லாப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் இடைவெளி விட்டு, ஒரே சுருதியில், அந்த ரீங்காரக் குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு நல்ல வெயில். எங்கப்பாவுக்கு வேலை போய் ஒரு மாசம். எங்களை மளிகைக் கடைக்குக் கூட்டிட்டு வந்தாரு. ரேடியோக்காரன் கேட்டான், இந்த ஊர்ல இனிமே என்ன இருக்குன்னு. எங்கப்பா அதைக் கேட்டுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு காருக்குத் திரும்பிப் போறாரு. அவர் முதுகைப் பாத்துத்தான் கத்தினேன். ரேடியோவுக்காக இல்ல. அவரு திரும்பிப் பாக்கணும்னு."

"பாத்தாரா?" என்றாள் அந்தப் பெண். அவள் கை பொருட்களை மறந்து நின்றிருந்தது.

"பாத்தாரு." கோனி மூச்சு வாங்கினாள். "எனக்கு பயமாத்தான் இருந்தது, அவ்வளவு கூட்டம். இவ பக்கத்துல நின்னு என் கையைப் பிடிச்சிட்டிருந்தா. அதான் கத்த முடிஞ்சது."

லொரேனுக்குச் சுருக்கென்றது. அவள் கையைப் பிடிக்கவில்லை. கோனியின் பக்கத்தில்கூட நிற்கவில்லை. அன்று அவள் காருக்குள், ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேலை போனவரின் மகள் என்று பள்ளிக்கூடத்துப் பெண்கள் பார்த்துவிடக் கூடாதே என்று இருக்கைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்காவின் குரலை அவளும் மற்றவர்களைப் போலத் தூரத்திலிருந்துதான் கேட்டாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

கோனி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வரிசையில் பின்னால் நின்ற கிழவர் ஒருவர், சரியாகக் கேட்பதற்காகத் தன் வண்டியை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றார்.

லொரேன் வாயை மூடிக்கொண்டு, பொருட்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தாள்.